பட்டியலில் பெயர் இல்லாதவருக்காகப் பேசுவது

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கூட்டத்தில், கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் முன்னாள் செயலாளர் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து வந்திருக்கிறீர்கள். சிலர் 1990ஆம் ஆண்டு மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். வந்த வழி வேறு வேறாக இருந்தாலும் எல்லோரிடமும் இப்போது ஒரே கேள்விதான் இருக்கிறது. எங்களுக்கு வீடு கிடைக்குமா?

வீட்டுத்திட்டத்தைப் பற்றி அதிகாரிகள் விளக்குவார்கள். வீட்டு விடயத்தில் அயலவருக்காகப் பேசும் வேலையைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் அதைச் செய்யத்தான் வேண்டும். அது நீங்களாகவும் இருக்கலாம்.

நான் சங்கச் செயலாளராக இருந்தபோது ஒரு வீட்டுத்திட்டத்தின் பயனாளிகள் பட்டியலைப் பொது மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், வலது குறைந்தவர் உண்டா, பெண் தலைமை தாங்கும் குடும்பமா என்று பார்த்துப் புள்ளி போட்டிருந்தார்கள். பட்டியலில் என் தங்கச்சியின் பெயர் இருந்தது. தகரக் கொட்டிலில் இருந்த ஓர் ஆச்சியின் பெயர் இல்லை. பதிவின்படி அவர் தனி ஆள், அதனால் புள்ளி குறைவு. ஆனால் தாயை இழந்த இரண்டு பேரப்பிள்ளைகள் அவரிடம்தான் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளை அவருடைய குடும்பத்தில் யாரும் பதிந்திருக்கவில்லை.

இது எனக்குத் தெரியும். மேன்முறையீடு செய்ய இரண்டு கிழமை தந்திருந்தார்கள். முதல் கிழமை நான் வாய் திறக்கவில்லை. பட்டியலைக் கிளறினால் தங்கச்சியின் பெயருக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம். ஆச்சியும் கேட்கவில்லை. ஒருநாள் இரவு நல்ல மழை பெய்தது. காலையில் அவர் பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகங்களை வெயிலில் விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட பிறகுதான் அவரைக் கூட்டிக்கொண்டு கிராம அலுவலரிடம் போனேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மகளின் மரணச் சான்றிதழ், பாடசாலை அதிபரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து மேன்முறையீடு எழுதினோம். அடுத்த கட்டப் பட்டியலில் ஆச்சியின் பெயர் வந்தது. தங்கச்சியின் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கிழமையில் நான் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, பட்டியல் வந்தால் இருக்கும் பெயர்களை விட இல்லாத பெயர்களைத் தேடுங்கள். தனியே இருக்கும் முதியவர், கணவர் காணாமற்போன பெண், அடையாள அட்டை இல்லாதவர், காணியின் உறுதியோ அனுமதிப்பத்திரமோ தொலைந்தவர் ஆகியோரே பெரும்பாலும் விடுபடுவார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்களும் அவர்களே. அவர்களின் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

இரண்டாவது, வாயால் சொன்னதை எழுத்தில் கொடுங்கள். கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பிரதேச செயலகத்தின் திகதி முத்திரையை வாங்கி வைத்திருங்கள். எங்கள் காலத்தில் இல்லாத ஒரு வசதி இப்போது உங்களுக்கு உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த அடிப்படையில் தெரிவு செய்தீர்கள், எனக்கு எத்தனை புள்ளி என்று அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழி உண்டு. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, காசு வாங்காதீர்கள். படிவம் நிரப்ப நூறு ரூபா வாங்கினாலும் நீங்கள் தரகர்தான். உங்கள் உறவினரின் பெயர் பட்டியலில் இருந்தால் அதைக் கூட்டத்தில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் ஒரு கிழமை பயந்துகொண்டு இருந்திருக்க மாட்டேன்.

நான்காவது, சில வேளை எங்கள் சனங்களிடமே “வேண்டாம்” என்று சொல்ல வேண்டி வரும். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. குடும்பங்களே வீட்டைக் கட்டினார்கள். நல்ல முறைதான். ஆனால் கூட ஓர் அறை, பெரிய விறாந்தை என்று ஆசைப்பட்டவர்கள் நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். அத்திவாரம் வெட்ட முன்னரே போய்ப் பேசுங்கள். சுவர் எழும்பிய பிறகு சொல்லிப் பயன் இல்லை.

ஐந்தாவது, தனியாகப் போகாதீர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்திலேயே முசலிப் பிரதேசத்து முள்ளிக்குளத்தைப் பாருங்கள். 2007 செப்டெம்பரில் அந்தச் சனங்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் ஊருக்குள் போக முடியாமல் அயலில் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2017 மார்ச்சில் காணியைக் கேட்டு வீதியோரம் அமர்ந்தார்கள். பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல் எழும்பவில்லை. ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. கேட்டது முழுவதும் அன்று கிடைக்கவில்லை. ஆனாலும் பத்து வருடமாக அசையாத விடயம் அசைந்தது.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, பிரதிகளைப் போட்டு வைக்க ஒரு கோவை போதும். பிரதேச செயலகத்தில் வாங்கில் காத்திருக்கப் பொறுமையும் வேண்டும். சில நாள் வெறுங்கையோடு திரும்புவீர்கள். வீடு கிடைத்தவர் உங்களை மறந்துவிடுவார், கிடைக்காதவர் ஏசுவார். இரண்டையும் மனதில் வைத்திருக்காதீர்கள்.

இன்றைக்குக் கூட்டம் முடிந்து போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில் இந்தக் கூட்டத்துக்கு வராத வீடு எது என்று நினைத்துப் பாருங்கள். பொழுதுபட முன்னர் அந்த வீட்டுக்குப் போய், “உங்கட பேர் பதிஞ்சாச்சா?” என்று கேளுங்கள். வேலை அங்கே இருந்துதான் தொடங்குகிறது.