பூட்டியதைச் சொல்லும் ஒலி

1985இல் புரோட்டோன் சாகா வந்தபோது கதவைச் சாவியால் பூட்டினோம். இன்று ரிமோட்டை அழுத்திவிட்டு நடக்கிறோம். லாபு, ரந்தாவ் தோட்டங்களிலிருந்து சிரம்பான் சந்தைக்குப் போனால், உச்சி வெயிலில் விளக்குச் சிமிட்டல் கண்ணுக்குத் தெரிவதில்லை. திருடன் அதே அலைவரிசையில் வேறோர் அலையை வீசினால், நம் ரிமோட்டின் அலை காரை எட்டாது. கதவு பூட்டாமலே கிடக்கும். இன்னும் கடன் தீராத காராயிற்றே!

பூட்டியதும் 'பீப்' என்று ஒலிக்கும் 12 வோல்ட் சிறு ஒலிப்பானைப் பட்டறையில் பொருத்தச் சொல்லலாம். சிக்னல் விளக்குக் கம்பியோடு இணைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அது கத்தும். பூட்டுக்குப் போகும் கம்பியோடு, ஃபியூஸ் வைத்து இணைக்க வேண்டும். ஒலி கேட்டாலும் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். சரியாகச் சாத்தாத கதவு அதற்குத் தெரியாமல் போகலாம். லயன் வீடுகளில் பிள்ளைகள் தூங்குவார்கள், சத்தம் குறைந்ததாகவே கேட்டு வாங்குங்கள்.