ரத்தத்தில் ஊறிய அறிவு என்று ஒன்று இல்லை

பண்பாட்டை விட்டு அறிவு தனியே நிற்குமா என்று கேட்கிறீர்கள். நான் இருளர்களிடமிருந்து பதில் சொல்கிறேன்.

2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை புளோரிடா பல்கலைக்கழகம் அழைத்தது. அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வேண்டும். மொழி புதிது, மண் புதிது. ஆனாலும் தடம் பார்த்தே, சில வாரங்களுக்குள் பத்துக்கு மேல் பிடித்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் கற்றது கடல் கடந்தும் பலித்தது. அறிவு, பிறந்த இடத்தோடு கட்டுண்டு கிடப்பதில்லை.

அதைக் கட்டிப்போடுவது நம் பேச்சுதான். “பாம்பு பிடிப்பது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது” என்று நானும் பாராட்டியிருக்கிறேன். இன்று வெட்கப்படுகிறேன். அது சாதியின் பேச்சு. சிறு வயதிலிருந்து பெரியவர்களோடு நடந்து, தடத்தையும் வளையையும் பார்த்துப் பார்த்துக் கற்றது அது. மருத்துவர் மகன் மருத்துவரானால் படிப்பு; இருளர் மகள் கற்றால் பிறவிக்குணமா?

1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கும் நஞ்சு, முறிமருந்தாகி நம் உயிரைக் காக்கிறது. 2023இல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் மருத்துவக் கல்லூரியில் பாம்புக்கடி பாடம் நடக்கும்போது அவர்கள் ஆசிரியராக நிற்பது எப்போது?

அறிவு ரத்தத்தில் இல்லை. ஆகவே இருளர் பிள்ளைக்கு அந்தத் தொழிலை விட்டு வெளியேறும் உரிமை உண்டு. நமக்கு, அவர்கள் முன் மாணவராக உட்காரும் கடமை உண்டு.