எடுத்தலும் காட்டலும் காத்தலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், பாரிசு நகரத்தில் கிராண்ட் கஃபே என்னும் சிற்றுண்டிச் சாலையின் கீழ்த்தளத்தில் லூமியேர் உடன்பிறப்பாளர் இருவர் பத்துக் குறும்படங்களைக் கட்டணம் பெற்றுக் காட்டினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நொடி. ஆலையை விட்டு வெளியேறும் தொழிலாளர், உணவுண்ணும் குழந்தை, நீர்க்குழாயால் முகம் நனையும் தோட்டக்காரன் என அவை அனைத்தும் அன்றாட வாழ்வின் துணுக்குகளே.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், யூடியூப் என்னும் இணையத்தளத்தில் முதற்படம் ஏற்றப்பெற்றது. தளத்தை நிறுவிய மூவருள் ஒருவரான சாவேத் கரீம், சான்டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று பேசுவது அது. அதன் அளவு 19 நொடி. ஏறத்தாழ 110 ஆண்டுகள் நடந்த கலை, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தது போலத் தோன்றும். ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. இவ்வுரை அதனையே ஆராய்கிறது.

லூமியேர் கருவி ஒரு சிறு மரப்பெட்டி. படம் எடுத்தல், எடுத்த படத்திற்குப் படியெடுத்தல், அப்படியைத் திரையில் காட்டல் ஆகிய மூன்று தொழிலையும் அந்த ஒரு பெட்டியே செய்தது. கலை வளர்ந்து வணிகமானபோது இம்மூன்றும் பிரிந்தன. எடுத்தல் படப்பிடிப்பு நிலையத்திற்கும், படியெடுத்தல் வேதியியற் கூடத்திற்கும், காட்டல் திரையரங்கிற்கும் உரியன ஆயின.

இப்பிரிவின் தொடக்கத்தைத் தமிழகத்திலும் காணலாம். திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசு பெருமானின் வாழ்க்கைப் படத்தையும் விலைக்கு வாங்கினார். கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று காட்டினார். 1914ஆம் ஆண்டில் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் எழுப்பினார். அவரால் காட்ட இயன்றது. எடுக்கும் ஆற்றல் இந்த மண்ணில் நடராச முதலியாரிடம் முளைத்தது. சென்னையில் மோட்டார் வாகன வணிகம் செய்துவந்த அவர், 1910களின் பிற்பகுதியில் ‘கீசக வதம்’ என்னும் ஊமைப் படத்தை உருவாக்கினார். தென்னாட்டின் முதற் கதைப்படம் அது. இன்று அதில் ஒரு சுருள்கூட இல்லை. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதா’சிற்கும் அதே முடிவுதான்.

எடுத்தார்கள்; காட்டினார்கள்; காக்கவில்லை. இக்குறை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் எடுக்கப்பெற்ற ஏறத்தாழ 11,000 நெடும் ஊமைப்படங்களுள் முதல் வெளியீட்டு வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடே. 1950களின் தொடக்கம் வரை வழங்கிய நைட்ரேட்டுச் சுருள் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாவிடினும் தானே சிதைந்து பொடியாகும். அடுத்து வந்த அசிட்டேட்டுச் சுருளோ வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றம் வீசிச் சுருங்கிப்போகும். 1964ஆம் ஆண்டில் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றி, பி. கே. நாயர் ஊர் ஊராகத் தேடத் தொடங்குவதற்குள் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

சுருளின் பாரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஒரு நிமிடத்திற்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. இத்துணைப் பாரமும் பொருட்செலவும் உடைய கலை, முதலுடையோர் கையிலேயே தங்கியதில் வியப்பில்லை.

அப்பிடியை முதலில் தளர்த்தியது காந்த நாடா. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆம்பெக்சு நிறுவனம் தொலைக்காட்சி நிலையங்களுக்கென ஒளிநாடாப் பதிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. 1975இல் பீட்டாமாக்சும் 1976இல் வி.எச்.எசும் வந்தபின் நாடா வீட்டிற்குள் நுழைந்தது. இந்தியாவில் 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி பரவியது. ஒளிப்பேழைகளும் உடன் பெருகின. 1983க்குப் பின் இலண்டனிலும் தொராந்தோவிலும் குடியேறிய ஈழத்தமிழர் இல்லங்களுக்குத் தமிழ்ப்படம் பெரும்பாலும் அப்பேழையின் வழியாகவே சென்று சேர்ந்தது. அரங்கம் குறித்த நேரத்திற்குக் காண்போர் காத்திருந்த நிலை மாறி, காண்போர் குறித்த நேரத்திற்குப் படம் காத்திருக்கலாயிற்று. திருமணமும் காதணி விழாவும் படமாயின. திரையில் தம் முகம் தோன்றும் என்று கனவிலும் கருதாத பாட்டிமார், பந்தலில் வெற்றிலை மடித்தபடி பதிவாயினர்.

அடுத்த மாற்றம் எண்களால் நேர்ந்தது. 1920க்கு 1080 என்னும் புள்ளியளவுடைய ஒரு சட்டத்தைச் சுருக்காமல் சேமித்தால் அது 6 மெகாபைட்டை விஞ்சும். நொடிக்கு 24 சட்டம் எனில் ஏறத்தாழ 150 மெகாபைட்டு. இதனை அப்படியே கம்பி வழி அனுப்புதல் அரிது. எனவே ஒரு சட்டத்தை முழுமையாக எழுதி, அடுத்தடுத்த சட்டங்களில் மாறிய பகுதியை மட்டும் எழுதும் முறை வகுக்கப்பெற்றது. அசையாத சுவரை மீண்டும் மீண்டும் எழுதுவதில்லை. அசையும் கையை மட்டுமே எழுதுவர். சொல்லாமல் விட்டதைக் கற்போன் நிரப்பிக்கொள்வான் என நம்பி எழுதும் கவிஞர்க்கு இச்சிக்கனம் புதிதன்று.

யூடியூப் இச்சிக்கனத்தின் மேல் எழுந்தது. 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு 10 கோடி முறை அதில் படங்கள் காணப்பெற்றன. அவ்வாண்டு அக்டோபரில் 165 கோடி டாலர் மதிப்பிற்குக் கூகுள் நிறுவனம் அதனைப் பெற்றுக்கொள்ள உடன்பட்டது. அந்நாளில் பொதுப் பயனர்க்கு வகுத்த வரம்பு 10 நிமிடம். ஆயிரம் அடிகொண்ட பழைய சுருள் ஒன்றின் அளவும் ஏறத்தாழ அதுவே. பின்னர்க் கைப்பேசியில் ஒளிப்படக்கருவி பொருந்தியது; 2016க்குப் பின் இந்தியாவில் இணையக் கட்டணமும் பெரிதும் குறைந்தது. வயலில் நாற்று நடுவோர் பாடிய பாட்டு, அன்று மாலையே கடல் கடந்து கேட்கப்பெற்றது. எடுத்தலும் காட்டலும் மீண்டும் ஒரே பெட்டியில் கூடின.

ஆனால் மூன்றாவது தொழில் அப்பெட்டிக்குத் திரும்பவில்லை. லூமியேர் பெட்டியில் இருந்த படியெடுத்தல், இன்று பயனரின் கையில் இல்லை. தொலைவில் உள்ள நிறுவனத்தின் கிடங்கில் இருக்கிறது. அங்கே ஏற்றப்பெறும் படம் மீண்டும் சுருக்கப்பெறுவதால், காண்போர்க்குக் கிடைப்பது மூலப்படியும் அன்று. 6 நொடிப் படங்களுக்கெனப் புகழ்பெற்ற வைன் 2017இல் மூடப்பெற்றது. கூகுளே நடத்திய முந்தைய காணொளித் தளம் 2012இல் முற்றிலும் நின்றது. 2020 சூன் 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் செயலிக்குத் தடை விதித்தது. தடையின் காரணம் எதுவாயினும், அதுவரை அங்கே ஆடியும் பாடியும் வந்த சிற்றூர்க் கலைஞர் பலர் ஓரிரு நாளில் தம் மேடையை இழந்தனர். தனிப்படி வைத்திருந்தவர்க்கு இழப்பு மேடை மட்டுமே. வையாதவர்க்குப் படைப்பும் எட்டாததாயிற்று.

தமிழ் இலக்கியம் இப்பாடத்தை முன்பே கற்றுள்ளது. பனையோலையின் வாழ்நாள் சில நூற்றாண்டே. எனினும் சங்கப் பாடல்கள் அதனினும் நெடுங்காலம் வாழ்ந்தன. ஓலை உறுதியானது என்பதனால் அன்று. பெயர் அறியப்படாத பலர் தலைமுறைதோறும் ஏடுபெயர்த்து எழுதினர் என்பதனால். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கையில் இருந்தவை மூலவோலைகள் அல்ல. படியின் படியின் படிகள். ஒரே வீட்டில் ஒரே சுவடியாக இருந்த நூல்கள் கறையானுக்கும் வெள்ளத்திற்கும் இரையாயின. பல ஊர்களில் பல படியாக இருந்தவை பிழைத்தன. ‘கீசக வத’த்திற்கு அத்தகைய படியொன்று எஞ்சவில்லை.

ஆகவே இணையக் காணொளியைப் பழிப்பதும் பிழை. அதனைக் காப்பகம் என்று நம்புவதும் பிழை. அது ஒரு சந்தை, ஒரு திருவிழாத் திடல். திடலில் பாடலாம், திடலில் நெல்லைச் சேமித்தல் ஆகாது. சேமிப்பதற்குக் குதிர் வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் எதுவாயினும், அதன் கவியரங்குகளின் பதிவுகள் எங்குள்ளன என்னும் வினாவிற்கு விடை தருதல் வேண்டும். இணையத்தில் உள்ளன என்பது அரைவிடை. ஏற்றியவர் கடவுச்சொல்லை மறக்கலாம், கணக்கு முடங்கலாம், தளம் மாறலாம். மூலப்பதிவு மூன்று படியாக, மூன்று வெவ்வேறு இடங்களில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்குப் பெயர்த்து எழுதப்பெறுமாயின், மறைந்த கவிஞர் ஒருவரின் குரல் அவர்தம் பெயரர்க்கும் கேட்கும். இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டா. ஆண்டுக்கு ஒரு நாளும், அந்நாளை மறவாத ஒருவரும் போதும்.

பழைய ஊர்களில் ஏடுபெயர்த்தோர் பாராட்டை நாடியவர் அல்லர். பலர் தம் பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்ததனால்தான் இன்று கவியரங்கில் எடுத்துப் பாடுதற்கு ஒரு மரபு இருக்கிறது. அடுத்த பத்தாண்டில் ஒவ்வொரு வட்டத்திற்கும் அத்தகைய ஒருவர் வாய்ப்பாராக.