கிளைகளுக்கு நடுவே வெளிச்சம்

ஜான் கான்ஸ்டபிள் இளைஞராக இருந்தபோது, அவருடைய இயற்கைக் காட்சி ஓவியம் ஒன்றை லண்டன் ராயல் அகாடமி நிராகரித்துவிட்டது. மனம் உடைந்தவர் அதை எடுத்துக்கொண்டு அகாடமியின் தலைவர் பெஞ்சமின் வெஸ்டிடம் போனார்.

இயற்கையை மிகவும் நேசிக்கிறவரால்தான் இப்படி வரைய முடியும் என்று வெஸ்ட் முதலில் பாராட்டினார். பிறகு ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, மரத்தண்டுகளுக்கும் கிளைகளுக்கும் இடையே வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று படத்தின் மேலேயே தொட்டுக் காட்டினார்.

இன்று டேப்லெட்டில் முதல் மலைக்காட்சியை வரைந்து நீட்டும் பிள்ளைக்கும் இதுதான் தேவை. 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல் அதற்குப் போதாது.

ஆரம்பப் படங்களில் தூரத்து மலையும் காலடிப் புல்லும் ஒரே அடர்பச்சையாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். நிஜத்தில், நடுவே இருக்கும் காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால், தொலைவு கூடக்கூட மலை வெளுத்து நீலமாகத் தெரியும். லியனார்டோ டாவின்சி தம் குறிப்பேடுகளில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

படத்தின் மேல் புதிதாக ஒரு லேயர் திறந்து, தூரத்து மலைமீது மட்டும் வெளிர்நீலம் பூசிக் காட்டலாம். லேயரை அணைத்தால் பிள்ளையின் படம் அப்படியே இருக்கும். பிடித்திருந்தால், அதைத் தன் கையாலேயே திருத்திக்கொள்ளும்.