நின்ற வண்டிக்கு எவ்வளவு இன்சூரன்ஸ்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றி எனக்கு முன்னால் பேசியவங்க விவரமாச் சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு வண்டி இன்சூரன்ஸ். பொதுக் காப்பீட்டுக் கம்பெனிக் கிளை ஒன்றில் பல வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். அதனாலதான் கூப்பிட்டிருக்காங்க.

குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. "கல்யாணத்துக்கு முன்னாடி லைசென்ஸ் எடுத்தேன். அப்புறம் பதினைஞ்சு வருஷமா ஸ்டீரிங்கைத் தொடல. இப்ப ஓட்டலாம்னு பார்த்தா, இத்தனை வருஷம் ஓட்டாததால இன்சூரன்ஸ் கூட ஆகும்னு ஏஜென்ட் சொல்றார்." சகோதரிகளே, இது சரியில்லை. சில வெளிநாடுகளில் ஓட்டுபவரின் அனுபவத்தைப் பார்த்துப் பிரீமியம் போடுவாங்க. அங்கே இருக்கும் சொந்தக்காரங்க சொல்வதைக் கேட்டு நாமும் பயந்துக்கறோம். இங்கே பிரீமியம் வண்டியை வைத்துத்தான். நீங்க ஓட்டாத வருஷத்துக்கு யாரும் அபராதம் போட முடியாது.

வண்டி இன்சூரன்ஸில் இரண்டு பாகம் இருக்கு. ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. நம்ம வண்டி யார் மேலயாவது மோதினால் அவங்களுக்குக் கொடுக்கிற நஷ்ட ஈட்டுக்கானது. சட்டப்படி கட்டாயம். இதன் விலையை அரசாங்கமே நிர்ணயிக்குது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை உள்ள காருக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். நம்ம ஊரில் ஓடும் 110 சி.சி. ஸ்கூட்டருக்கு 714 ரூபாய். இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அப்படின்னா சின்னக் காருக்கு 2,471 ரூபாய், ஸ்கூட்டருக்கு 843 ரூபாய். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதே விலைதான். இதுக்கு மேல ஒருத்தர் கேட்டால், "எதுக்குன்னு எழுதிக் கொடுங்க"ன்னு தைரியமாக் கேளுங்க.

இரண்டாவது பாகம் நம்ம வண்டிக்கு வரும் சேதத்துக்கானது. இதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். வண்டி நின்றதால் நமக்கு நஷ்டம் வருவதும் இதில்தான். கிளெய்ம் வாங்காத வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை போனஸ் தள்ளுபடி உண்டு. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்கலைன்னா அந்தத் தள்ளுபடி போயிடும். கெடு தாண்டிய வண்டியைக் கம்பெனி ஆள் வந்து பார்த்து, போட்டோ எடுத்த பிறகுதான் இந்தப் பாகத்தைக் கொடுப்பாங்க. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும்னா அந்தச் சோதனை தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய காருக்கு அது மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். வண்டியின் மதிப்பே குறைஞ்சு போயிருக்கும்போது அதன் சேதத்துக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கட்டுவது எதுக்கு? காரை விற்கிறவங்க கம்பெனியில் போனஸ் சான்றிதழ் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. மூன்று வருஷத்துக்குள் வேற கார் வாங்கினால் அந்தத் தள்ளுபடி அதுக்கு வந்திடும். வாரத்துக்கு ஒரு நாள்தான் எடுப்பேன்னு சொல்றவங்களுக்கு, ஓட்டும் தூரத்தைக் கணக்கிட்டுப் பிரீமியம் போடும் திட்டமும் 2022-லிருந்து அனுமதியில் இருக்கு. கேட்டால்தான் சொல்வாங்க.

ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வந்தது. மானியத்தில் ஸ்கூட்டர் வாங்கியவங்களும் அதில் உண்டு. பிறகு 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைன்னு ஆனதும் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்திட்டு பஸ்ஸில் ஏறினோம். நல்ல விஷயம்தான், அதைக் குறை சொல்லலை. ஆனால் அந்த ஐந்து வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு. அவசரத்துக்கு ஒரு நாள் வண்டியை எடுப்பதற்கு முன் பாலிசியின் கடைசித் தேதியைப் பாருங்க. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். அபராதத்தோட போச்சுன்னா பரவாயில்லை. ஒருத்தருக்கு அடிபட்டு, தீர்ப்பாயம் சில லட்சம் கொடுக்கச் சொன்னால் அது வண்டி உரிமையாளர் தலையில்தான் விழும். வீடு, நிலம் வரைக்கும் போகும்.

லைசென்ஸும் அப்படித்தான். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெறணும். 40 வயது தாண்டியவங்களுக்கு டாக்டர் சான்றும் வேணும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க வழி இருக்கு. அதனால முதல் செலவு லைசென்ஸுக்கு, அடுத்தது இன்சூரன்ஸுக்கு.

இனி சொல்லப்போவதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. கார் வீட்டுக்காரர் பேரில், ஓட்டுவது நாம். பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கும். அது ஆர்.சி. புத்தகத்தில் பேர் உள்ளவருக்கு மட்டும். நாம் ஓட்டிப் போய் நமக்கே ஏதாவது ஆனால் அந்தப் பணம் நம்ம குடும்பத்துக்கு வராது. மூன்றாம் நபர் காப்பீடும் ஓட்டுகிறவருக்குக் கிடையாது. நம்ம வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிப்பாங்களே, பிரதமரின் விபத்துக் காப்பீடு, அதில் 2 லட்சம் இருக்கு. அதுவும் கணக்கில் பணம் இல்லாமல் நின்று போயிருக்கும், பாஸ்புக்கைப் பாருங்க. ஓட்டப் போறவங்க தன் பேரில் தனியா ஒரு விபத்துப் பாலிசி எடுக்கணும், இல்லைன்னா வண்டியைத் தன் பேருக்கு மாத்திக்கணும்.

கணவரை இழந்த சகோதரிகளுக்கு இது இன்னும் அவசரம். அவர் பேரில் உள்ள பாலிசி, அவர் காலமான நாளிலிருந்து மூன்று மாதம் வரை அல்லது பாலிசி முடியும் நாள் வரை, இதில் எது முன்னால் வருதோ அதுவரைதான் செல்லும். அதுக்குள்ள இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யையும், பிறகு கம்பெனியில் பாலிசியையும் மாத்தணும். துக்க வீட்டில் யாருக்கு இது நினைவு வரும்? வராதுதான். அதனாலதான் அந்தக் குழுவின் ஊக்குநர் நினைவுபடுத்தணும்னு கேட்டுக்கறேன். அவர் சேர்த்து வச்ச போனஸ் தள்ளுபடி, வண்டி மனைவிக்கு வந்தால் மனைவிக்கே வரும். நேரத்தில் கேட்காமல் விட்டதால் அதை இழந்தவங்களைக் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கேன்.

பணத்தை ஏஜென்ட்டின் சொந்த ஜிபேயில் போடாதீங்க, கம்பெனி பேரில் கட்டுங்க. புகார் இருந்தால் 155255-க்குக் கட்டணமில்லாமல் கூப்பிடலாம். அதிலும் தீரலைன்னா சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கு, அங்கேயும் செலவு கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

சொந்த உபயோகப் பாலிசி வச்சுக்கிட்டு வாடகைக்குச் சாமான் ஏத்துறவங்க யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்க. அது தனிக் கதை. மற்றவங்க அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆர்.சி., லைசென்ஸ், பழைய பாலிசி மூன்றையும் எடுத்துட்டு வாங்க. நானும் வரேன், உட்கார்ந்து ஒவ்வொன்றாப் பார்த்திடலாம்.