ருமேனியாவிலிருந்து ஒரு நாய்

ருமேனியத் தெருநாய்களைப் பிரிட்டனில் பலர் தத்தெடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இரக்கம் இருக்கும் இடத்துக்கு மோசடிக்காரனும் வந்துவிடுகிறான். சோகக் கண்களோடு ஒரு குட்டியின் படம், உடனே முன்பணம். பிறகு கூண்டுக்கு, காப்பீட்டுக்கு என்று கறந்துகொண்டே இருப்பான். நாய் மட்டும் வராது!

சட்டம் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதலில் நாய்க்கு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அதற்கு முன் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி கணக்கில் வராது. ஊசி போடும்போது குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஊசி போட்டு 21 நாள் கழித்துத்தான் பயணம். ஆக, எட்டு வாரக் குட்டியை அடுத்த வாரமே அனுப்புகிறேன் என்பவனை நம்பவே கூடாது.

வீடியோ அழைப்பில் ஸ்கேனரை வைத்து சிப் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் பணம் அனுப்பாதீர்கள்.