நம் பிள்ளைகள் மக்குகளா?

(பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், ஆலைத் தொழிலாளரும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளரும் கூடிய பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ் பற்றிப் பேசவே நாம் வழக்கமாகக் கூடுவது. இன்று கூடியிருப்பது நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச. ஹைஸ்கூலில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளில் சிலருக்கு ஒரு பாராவைத் தடுமாறாமல் வாசிக்க வரவில்லை; நாலு வரி பிழையில்லாமல் எழுத வரவில்லை. எட்டு, ஒன்பது வருஷம் பள்ளிக்கூடம் போனபிறகும் வரவில்லை. இவர்களுக்கு என்ன செய்வது என்பதே இன்றையக் கேள்வி.

ஊர் இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடுகிறது. "மக்கு" என்கிறது, "சோம்பேறி" என்கிறது, "கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு எங்கே ஏறும்?" என்றும் கேட்கிறது. பள்ளியில் கடைசி பெஞ்சு, வீட்டில் அடி. முடிவில் தகப்பனே சலித்துப்போய், "ஏறாத படிப்புக்கு எதற்கு நோட்டும் பேனாவும்? மில்லுக்காவது போகட்டும்" என்று பையனை நிறுத்திவிடுகிறான். பெண்ணாக இருந்தால் சத்தமே இல்லாமல் காரியம் முடிந்துவிடுகிறது. அவள் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் மில் ஹாஸ்டலுக்கு அனுப்புகிறார்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

நாம் ஒன்று கேட்கிறோம். இதே பையன் சைக்கிளைப் பிரித்து மாட்டுகிறான். பார்த்த சினிமாவின் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்கிறான். எந்த மாடு சினை, எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று தகப்பனுக்கே எடுத்துச் சொல்கிறான். மக்கு என்றால் இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி பழையது. 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனல்ல, கணக்குப் போடுவான். எழுத்து மட்டும் பிடிபடவில்லை. தன் பெயரையே தப்பாக எழுதினான். எல்லாப் பாடத்தையும் வாயால் மட்டும் நடத்தினால் இவன்தான் பள்ளியிலேயே முதல் பையன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். பிறகு எத்தனையோ ஆராய்ச்சிகள் நடந்தன. 1963-ல் அமெரிக்கப் பேராசிரியர் சாமுவேல் கிர்க், "கற்றல் குறைபாடு" என்ற பொருள்படும் பெயரை வழக்கில் கொண்டுவந்தார். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் வந்தால் டிஸ்கிராபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா என்கிறார்கள்.

பெயர் எதுவாகவும் இருக்கட்டும். விஷயம் இதுதான்: அறிவு குறையவில்லை. காதில் விழும் ஒலியையும் கண்ணில் படும் எழுத்தையும் மூளை இணைக்கிற விதத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குடும்பத்தில் வழிவழியாகவும் அது வரும். பணக்காரன் வீட்டிலும் வரும். நம் வீட்டிலும் வரும். பெற்றவர் செய்த பாவமல்ல, பிள்ளையின் திமிருமல்ல. இதைத் தீர்க்க மாத்திரை கிடையாது. அடி உதவவே உதவாது. கற்றுக்கொடுக்கிற முறையை மாற்றுவதுதான் வழி.

நம் தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 247 எழுத்து. "கெ" என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது "க்", பிறகுதான் "எ". எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டுவிட்டுப் பிறகு "க" எழுதுகிறோம். "கொ" என்றால் கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் எழுத்து. ல, ள, ழ என்று மூன்று. ந, ண, ன என்று மூன்று. மற்றப் பிள்ளைகள் பத்துத் தடவையில் பிடித்துக்கொள்வதை இந்தப் பிள்ளை நூறு தடவை எழுதினாலும் நழுவவிடுகிறான். கணக்கிலும் அப்படித்தான். "முந்நூற்று ஐந்து" என்றால், காதில் விழுந்தபடியே 300-ஐ எழுதிப் பக்கத்தில் 5-ஐப் போட்டு 3005 ஆக்கிவிடுகிறான். 90-க்கு நூறு ஒட்டிய "தொண்ணூறு" என்ற பெயர். 900-க்கு ஆயிரம் ஒட்டிய "தொள்ளாயிரம்" என்ற பெயர். ஏற்கெனவே தடுமாறுகிறவனுக்கு இது இன்னொரு பள்ளம். இங்கிலீஷைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சி-யு-டி "கட்" என்றால் பி-யு-டி மட்டும் ஏன் "புட்"?

சரி, இது ஏன் ஹைஸ்கூலில் வந்து முட்டுகிறது? தமிழ்நாட்டில் எட்டாவது வரை பெயிலாக்குவதில்லை. அது நல்லதே; பெயிலாக்கியிருந்தால் இவன் ஐந்தாவதிலேயே பள்ளியை விட்டிருப்பான். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் இவனைத் தனியாகக் கவனித்துக் கற்றுக்கொடுக்க ஆள் வைக்கவில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. 2021-ல் தமிழக சர்க்கார் துவக்கிய "இல்லம் தேடிக் கல்வி" மாலை வகுப்புகளும் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்தன. அவையெல்லாம் கைவிடுகிற வயதில் ஒன்பதாம் வகுப்புப் புஸ்தகமும் பத்தாவது பரீட்சையும் மலைபோல் எதிரே நிற்கின்றன. அதே வயதில்தான் காண்ட்ராக்டரும் ஆள் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான்.

"கடன் வாங்கி டியூஷன் வைத்தோமே, பலனில்லையே" என்று சிலர் சொல்லுவீர்கள். அந்த டியூஷனில் என்ன நடக்கிறது? ஒரே அறையில் முப்பது பிள்ளைகள். பள்ளியில் நடத்தியதையே இன்னொரு தடவை, இன்னும் வேகமாக நடத்துகிறார்கள். ஆலைத் தோழர்களுக்குத் தெரியும்: நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெஷின் வேகத்தைக் கூட்டுவதில்லை. அறுந்த நூலை ஒட்டவேண்டும். எதனால் அறுகிறது என்று பார்க்கவேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய பயிற்சியும் அத்தகையதே. அதில் கவனிக்க வேண்டியவை நாலு.

முதலாவது, கண்ணையும் காதையும் சோதிக்கவேண்டும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போய், வருஷத்தில் பாதிநாள் பள்ளியை இழந்த பிள்ளையின் விஷயம் வேறு. படிப்பு கிடைக்காததுதான் அவன் குறை. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் விரைவில் எட்டிப் பிடித்துவிடுவான். எல்லோர் மேலும் ஒரே முத்திரையைக் குத்தக்கூடாது.

இரண்டாவது, ஒரு ஆசிரியரிடம் இரண்டு, மூன்று பிள்ளைகளுக்கு மேல் கூடாது. தினம் அரைமணி, முக்கால் மணி போதும். ஆனால் விட்டுவிட்டு நடத்தக்கூடாது.

மூன்றாவது, பிள்ளை எங்கே நிற்கிறானோ அங்கிருந்து துவக்கவேண்டும். ஒலியை வாயால் சொல்லி, எழுத்தைக் கண்ணால் பார்த்து, விரலால் மணலில் எழுதி, மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும். அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும், கில்லிங்ஹாம், ஸ்டில்மன் என்ற இரு ஆசிரியைகளும் 1930-களில் வகுத்துக்கொடுத்த வழி இது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிச் சத்தமாகச் சொன்னது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்ததுதான். ஆனால் பதினைந்து வயதுப் பையனிடம் "அணில், ஆடு" புஸ்தகத்தை நீட்டாதீர்கள். அவனுக்கும் மானம் உண்டு. பஸ் போர்டு, ரேஷன் கார்டு, அப்பாவின் சம்பளச் சீட்டு ஆகியவற்றை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, எழுத்து வருகிறவரை மற்றப் பாடங்கள் காத்திருக்கக்கூடாது. விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிள்ளை கேட்டுப் புரிந்துகொண்டு வாயால் பதில் சொல்லட்டும். கையிலிருக்கிற செல்போனில் பாடத்தைப் பதிவு செய்துகொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான்.

வசதியுள்ளவன் இதற்கெல்லாம் தனி ஆசிரியரை வீட்டுக்கே வரவழைக்கிறான். தமிழ்நாட்டில் இந்த வித்தை தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1991-லேயே துவங்கிவிட்டது. ஆனால் கூலிக்காரன் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? தர்மமாகவா? வேண்டாம். அது நம் உரிமை.

1995-ம் வருஷச் சட்டத்தின் ஊனப் பட்டியலில் கற்றல் குறைபாடு இல்லை. 2016-ல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்லி, இதையும் அதில் சேர்த்தது. பள்ளிகள் இக்குறையைச் சீக்கிரமே கண்டறிந்து தகுந்த போதனை முறையைக் கையாள வேண்டும் என்று அதன் 16-வது பிரிவு சொல்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் ஆகியவற்றை 17-வது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் பத்தாவது பொதுத் தேர்வில், வைத்தியச் சான்றிதழ் உள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகள் உண்டு. கேட்காதவர் வீடு தேடி இவை வருவதில்லை.

2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளில் ஆரம்பப் பள்ளியில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்றது. நடைமுறையில் என்ன? வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பல பள்ளிகளுக்கு அலைகிறார். அவருக்கும் தொகுப்பூதியம்தான். நிரந்தரமில்லாத வேலை என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய கோரிக்கையும் நம் கோரிக்கையும் ஒன்றே.

"சான்றிதழ் வாங்கினால் ஊனம் என்று பேராகிவிடுமே, நாளைக்குக் கல்யாணம் காட்சி உண்டே" என்று தாய்மார்கள் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால் "மக்கு" என்ற பெயரும், "பத்தாவது பெயில்" என்ற பெயரும் மட்டும் நல்ல பெயர்களா? ஊர் கொடுத்த பெயர்கள் அவை. அவற்றால் பிள்ளைக்குக் காலணா பிரயோஜனமில்லை. சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.

ஆகவே செய்யவேண்டியது என்ன?

ஒன்று: எந்தக் காரணத்தைக்கொண்டும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள், அடிக்காதீர்கள்.

இரண்டு: ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். "சிறப்புப் பயிற்றுநரைக் கொண்டு சோதிக்கவேண்டும், சான்றிதழுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரி மருத்துவக் குழுவுக்கு அனுப்பவேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடினால் காரியம் ஆகாது. ஒருநாள் கூலி போகுமே என்று தனியாகத் தவிக்கவேண்டாம். நாலைந்து குடும்பம் சேர்ந்து போனால் ஒருவருக்கொருவர் துணை.

மூன்று: சங்கக் கட்டிடம் மாலையில் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே தினம் ஒரு மணி நேரம் விளக்கேற்றுவோம். காலேஜில் படிக்கும் நம் வாலிபர்களும் யுவதிகளும் பாடத்தை உரக்க வாசித்துக் காட்டட்டும். எழுத்துப் பயிற்சியை எப்படி நடத்துவது என்று சிறப்புப் பயிற்றுநரை அழைத்துக் கேட்டுக்கொள்வோம். இந்த வகுப்பைக் காட்டி சர்க்கார் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விடமாட்டோம்.

நான்கு: ஒவ்வொரு ஹைஸ்கூலுக்கும் நிரந்தரமான சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் செய்வோம். அக்குழுவில் பெற்றோருக்கு இடம் இருக்கிறது. அந்த நாற்காலியில் நாம் போய் உட்காராவிட்டால் வேறு யாராவது உட்காருவார்கள்.

ஒரே வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் முதல் வகுப்பில் தேறுவார்கள் என்று நாம் ஆசை காட்டவில்லை. சிலருக்கு வாசிப்பு கடைசிவரை மெதுவாகவே இருக்கும். ஆனால் மெதுவாகவேனும் வாசித்துப் புரிந்துகொள்வான், பத்தாவது தாண்டுவான், ஐடிஐக்கோ காலேஜுக்கோ போவான். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பான். உழைப்பாளி வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

தோழர்களே! வகுப்புத் துவக்குவதற்கு முன் பிள்ளைகளின் கணக்குத் தெரியவேண்டும். வெட்கப்படாமல், கூட்டம் முடிந்ததும் உங்கள் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் இந்த மேஜையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.